கேட்டவர் பட்ட கடன்

பிறருடைய துன்பத்தைத் தெரிந்துகொள்ள நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, அழுகிறவர்களின் சொற்களில் சிலவற்றை என் காது தனியாக எடுத்து வைத்துக்கொள்வதைக் கவனித்து நானே வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் எழுத்தாளனின் வெட்கத்துக்கு ஒரு சமாதானம் உண்டு. கதையில் பெயரை மாற்றிவிடுகிறோம், ஊரை மாற்றிவிடுகிறோம். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. அவர்கள் கையில் தாளும் பேனாவுமாக வாசற்படிக்கே வந்து நின்று, "உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டுவிடுகிறார்கள்.

என் பால்ய சிநேகிதர் ஒருவரின் மகள் அப்படிக் கேட்கிற வேலையில் இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். பேரிடர் வருமுன் அபாயத்தைக் குறைப்பது எப்படி, வந்துவிட்டால் ஒரு சமுதாயம் மறுபடி எழுந்து நிற்பது எப்படி என்பது அவளுடைய துறை. ஏழாயிரம்பண்ணையையும் அதைச் சுற்றியுள்ள பட்டாசுக் கிராமங்களையும் அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் எனக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். "மாமா, முதல் நாள் மட்டும் நீங்கள் கூட வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்" என்றாள். போனேன்.

சாத்தூரிலிருந்து பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் கரிசல் மண். நடுவே வேலிக் கருவேல மரங்கள். முன்பு ஒரு பாளையமாக இருந்த ஊர் ஏழாயிரம்பண்ணை. மழையை நம்பி விதைத்தவர்களை இந்த மண் பல தடவை ஏமாற்றியிருக்கிறது; வெயில் மட்டும் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. 1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பிறகு பட்டாசும் வந்தது. பயிருக்கு எமனாக இருந்த வெயில், தீக்குச்சியும் திரியும் உலர்வதற்கு வசதியாகப் போயிற்று. விதைக்க வழியில்லாத குடும்பங்களுக்கு அதுவே சோறு போட்டது. இந்த உண்மையை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த ஊரைப் பற்றி யாரும் நியாயம் பேச முடியாது.

அதே வட்டாரத்தில் வேறு ஒரு வகை ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. வெம்பக்கோட்டைக்கு அருகில் விஜயகரிசல்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 2022ல் அகழாய்வு தொடங்கி, சங்கு வளையல்களையும் சுடுமண் பொம்மைகளையும் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது. அந்த வளையல்களை அணிந்த பெண்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அவர்கள் திருப்பி ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். உயிரோடு இருப்பவர்களிடம் கேட்கப் போகிறவர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை என்பதை அன்று மாலையே கண்டுகொண்டோம்.

வேன் வந்து பெண்களை இறக்கிவிட்டுப் போன நேரம். மருந்துப் பொடியின் வெள்ளி நிறம் அவர்கள் கைகளிலும் புருவத்திலும் ஒட்டிக்கொண்டு மின்னிற்று. ஒரு வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். எங்களுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, "கேளு தாயீ, சமையலுக்கு நேரமாகுது" என்றார்.

சிநேகிதரின் மகளிடம் அறுபது கேள்விகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடக் கட்டங்கள்.

"வெடிச் சத்தம் கேட்டால் முதலில் என்ன செய்வீர்கள், அம்மா?"

"வெளியே வந்து எந்தத் திசையிலே புகை ஏறுதுன்னு பார்ப்போம். நம்ம வீட்டு ஆளு போன ஆபீஸா, வேற ஆபீஸான்னு பார்ப்போம்."

அந்தப் பக்கத்தில் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் ‘ஆபீஸ்’ என்றுதான் பெயர். கேட்கும்போது ஏதோ குமாஸ்தா வேலை போலத் தோன்றும்.

"உங்கள் ஆலையில் விபத்து நடந்த பிறகு எத்தனை நாளில் மறுபடி வேலைக்குப் போனீர்கள்?"

"ஆபீஸ் திறந்த அன்னைக்கே போயிட்டேன்."

அவள் ஐந்து என்ற கட்டத்தில் குறியிட்டாள். அம்மாளின் கண் தாளின்மேல் இருந்தது.

"என்ன தாயீ போட்டே?"

"ஐந்து போட்டேன், அம்மா. அதுதான் உயர்ந்த மதிப்பெண்."

"எதுக்கு?"

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. ‘மீண்டெழும் திறன்’ என்பது அந்தக் கட்டத்தின் தலைப்பு. முந்தின நாள் வரை பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் இறந்துபோக, பத்தாம் நாளோ இருபதாம் நாளோ அதே தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தவரிடம், ‘அதற்காகத்தான் உங்களுக்கு முழு மதிப்பெண்’ என்று எப்படிச் சொல்வது?

அம்மாள் அவளைச் சங்கடப்படுத்த நினைத்ததாகத் தெரியவில்லை. பேச்சை மாற்றுகிறவர்போலச் சொன்னார்: "நான் சின்னப் பிள்ளையா இருக்கையிலே விடியுமுன்னே பஸ் வரும். தூக்கக் கலக்கத்தோட ஏத்திவிடுவாக. தீப்பெட்டி ஆபீஸிலே குச்சி அடுக்குவேன். அப்பவும் இப்படித்தான் ஒரு ஐயா வந்து, எத்தனை மணிக்கு எந்திரிக்கே, என்ன சாப்பிட்டேன்னு எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாரு. அப்புறம் அவரு வரவே இல்லை. நீயாவது, கேட்டு என்ன செய்யப் போறேன்னு சொல்லிட்டுப் போ."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த ‘ஐந்து’ என் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது.

நம் நாட்டில் 2005ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. பேரிடர் என்றால் என்ன என்பதற்கு அதில் ஓர் இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள். இயற்கையால் வந்தாலும், மனிதர்களால் வந்தாலும், விபத்தாலோ அஜாக்கிரதையாலோ வந்தாலும் பேரிடர் பேரிடர்தான். அதுவரை நல்ல இலக்கணம். ஆனால் கடைசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அது அந்தப் பகுதி மக்களின் சமாளிக்கும் சக்திக்கு மீறியதாக இருக்க வேண்டும். பெரிய துயரத்தையும் சிறியதையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும் என்பதற்காக எழுதியிருப்பார்கள். அதில் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனாலும் அந்தத் திண்ணையிலிருந்து பார்க்கும்போது அதன் அர்த்தம் மாறிவிடுகிறது. மக்கள் சமாளித்துக்கொண்டே போனால் அவர்களுக்கு நேர்ந்தது பேரிடர் ஆகாது. நன்றாகத் தாங்கத் தெரிந்தவனின் துன்பம், ஏட்டில் சின்னதாகிவிடுகிறது!

ஏழாயிரம்பண்ணைக்கு அருகிலுள்ள அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12ந் தேதி ஒரு பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாடு முழுவதும் செய்தியாயிற்று. 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் 38 பேர். 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்தில் பத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள். இவையெல்லாம் கணக்கில் வந்தன. இவற்றுக்கு நடுவே ஓர் அறையில் ஒருவர், மற்றோர் அறையில் இருவர் என்று போனவர்களின் செய்தி பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துவிடுகிறது. ஊர் சமாளித்துக்கொள்கிறது. மறுபடி ஆபீஸ் திறக்கிறது.

தாங்குவதில் பெருமையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்காக அந்த வாசலில் மறுபடியும் நுழைகிற ஒரு தாயின் தைரியத்துக்கு முன்னால் நான் கைகூப்பி நிற்பேன். ஆனால் அந்தத் தைரியத்தை அவரிடமிருந்து எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. ஒருவன் பட்டினியைப் பொறுத்துக்கொண்டான் என்றால் அது அவனுடைய குணம். அதைப் புகழ்ந்துவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்தால் அது என்னுடைய குணம். அந்த ‘ஐந்து’, அம்மாளின் பலத்தை அளந்ததாகத் தாளில் இருக்கிறது. மறுநாளே வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலைமையைத்தான் அது உண்மையில் அளந்திருக்கிறது.

பேரிடர் ஆராய்ச்சி என்ற இந்தத் துறையே ஒரு வெடி விபத்திலிருந்து பிறந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். 1917 டிசம்பர் 6ந் தேதி கனடாவில் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. அவற்றில் ஒன்றான ‘மான்ட் பிளாங்க்’ என்ற பிரெஞ்சுக் கப்பல், யுத்தத்துக்கான வெடிமருந்தை வயிறு நிறைய ஏற்றி வந்திருந்தது. மோதியதும் தீப்பிடித்தது. உள்ளே இருப்பது என்னவென்று மாலுமிகளுக்குத் தெரியும். படகில் இறங்கித் தப்பி ஓடினார்கள். ஊராருக்குத் தெரியாது, கப்பல் எரிவதைப் பார்க்கக் கரைக்கும் ஜன்னலுக்கும் வந்தார்கள். சுமார் 20 நிமிஷத்தில் கப்பல் வெடித்தது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். ஜன்னல் கண்ணாடி சிதறிப் பார்வை இழந்தவர்கள் பலர். அந்த ஊரில் பாதிரியாராக இருந்த சாமுவேல் ஹென்றி பிரின்ஸ் என்பவர், விபத்துக்குப் பிறகு அந்தச் சமுதாயம் எப்படி மாறியது என்று ஆராய்ந்து 1920ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மூலம் நூலாக வெளியிட்டார். பேரிடரைப் பற்றிய சமூக ஆராய்ச்சிகளில் அதையே முதலாவதாகச் சொல்கிறார்கள்.

ஹாலிபாக்ஸை நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. தெரிந்தவர்கள் ஓடினார்கள், தெரியாதவர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள் என்பதுதான் அந்தக் கதை. முதலிப்பட்டியிலும் இறந்தவர்களில் பலர் ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்ல. முதல் வெடி கேட்டு உதவிக்கு ஓடி வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். இன்னும் வெடிக்க இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அபாயத்தைப் பற்றிய அறிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இந்த இரண்டு ஊர்களும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. அபாயத்துக்குள் நிற்கிறவனுக்கே அது முதலில் சொந்தம். அவனிடமிருந்து எடுத்த அறிவு அவனிடம் திரும்பி வராமல் வேறெங்கோ தங்கிவிட்டால், அது எவ்வளவு சிறந்த அறிவாக இருந்தாலும் அந்தக் கப்பலின் மாலுமிகளோடு படகில் ஏறிப் போய்விட்ட அறிவுதான்.

இந்தத் துறையிலேயே மனசாட்சி உள்ளவர்கள் இதை உணராமல் இல்லை. ‘இயற்கைப் பேரிடர்’ என்ற சொல்லே தவறு, மக்களின் ஏழ்மையும் பலவீனமும்தான் ஒரு நிகழ்ச்சியைப் பேரிடராக ஆக்குகின்றன என்று 1976லேயே ‘நேச்சர்’ என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். 2015ல் ஜப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் கூடி 2030 வரைக்கும் ஒரு திட்டம் வகுத்தன. அபாயத்தைப் புரிந்துகொள்வதே அதில் முதல் கடமை. வெளியிலிருந்து வந்து தகவலை அள்ளிக்கொண்டு போகும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்று 2019ல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து தங்களைப் பார்த்துத் தாங்களே அறிக்கை வெளியிட்டார்கள்.

இவற்றையெல்லாம் சிநேகிதரின் மகளும் படித்திருந்தாள். அவளுடைய சங்கடம் வேறு.

"மாமா, நான் கலெக்டர் இல்லை, ஆலைகளைச் சோதிக்கும் அதிகாரியும் இல்லை. ஓர் அறையில் நாலு பேருக்குமேல் இருக்கக் கூடாது என்பது விதி. அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவர்களே என்னிடம் சொல்கிறார்கள். அதை எழுதினால் என்ன ஆகும்? ஆலைக்குச் சீல் வைப்பார்கள். கூலி போய்விடும். எழுதாமல் விட்டால் என் ஆராய்ச்சி பொய்யாகிவிடும். நான் எந்தப் பக்கம் நின்றாலும் அவர்களுக்குத்தானே நஷ்டம்?"

இது லேசான கேள்வி அல்ல. பேரியம் உப்பைச் சேர்க்கக் கூடாது என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு சிவகாசி வட்டாரத்து ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. காற்று கெடக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்கு முதல் தவணை கட்டியவர்கள், திரி வைத்துக் கூலி வாங்கும் பெண்கள். உண்மை வெளிவந்தால் அடி விழுவது தங்கள்மேல்தான் என்று அவர்கள் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். அவர்கள் மௌனமாக இருந்தால் அதை அறியாமை என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

ஆனாலும் நான் அவளிடம் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அறை தெரியும். உரிமம் கொடுத்தவருக்கு விதி தெரியும். ஆர்டர் பிடித்தவருக்குத் தீபாவளிக்குள் எத்தனை பெட்டி போக வேண்டும் என்று தெரியும். அச்சங்குளத்தில் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் வேறு சிலர் என்பது விபத்துக்குப் பின் விசாரணையில் வெளிவந்தது. விபத்துக்கு முன் அதை அறிந்தவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு தெரிந்திருக்கிறது. எல்லாத் துண்டுகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கிற ஆள்தான் இல்லை. அந்த வேலையைச் செய்ய ஆராய்ச்சியாளர் வேண்டும். ஆனால் எழுதிய தாளை முதலில் யாரிடம் படித்துக் காட்டுவது என்பதில்தான் அவருடைய தர்மம் இருக்கிறது. அச்சேறுமுன், பட்டம் வாங்குமுன், யாருடைய வாயிலிருந்து வந்ததோ அவர்களிடம் போக வேண்டும். எதை ஊரறியச் சொல்லலாம், எதை யாருக்கும் அடையாளம் தெரியாமல் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையில் அவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

சில மாதம் கழித்து அவள் மறுபடி போனாள். இம்முறை நான் அழையாமலே உடன் போனேன். ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சியின் சாரத்தை எளிய தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி எடுத்து வந்திருந்தாள். அதே திண்ணை. ஆலையின் பெயரோ ஆட்களின் பெயரோ இல்லாமல் எழுதியதை வாசித்தாள். எல்லாரும் கேட்டார்கள். மூத்த அம்மாள் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"எத்தனை பேர் உட்கார்ந்திருந்தோம்னு எழுதியிருக்கே. ஏன் உட்கார்ந்தோம்னு எழுதலையே. எங்களுக்கு நாள் சம்பளமா இருந்தா நாலு பேரோட நிப்பாட்டலாம். உருப்படிக்குத்தானே கூலி? நெருக்கி உட்கார்ந்தாத்தான் கணக்கு ஏறும். அதையும் போடு."

அறுபது கேள்விகளில் அந்தக் கேள்வி இல்லாமல் போயிருந்தது. அவள் எழுதிக்கொண்டாள். மதிப்பெண் கட்டத்தை எடுத்துவிட்டதாகவும் சொன்னாள்.

பிறகு, முதல் நாள் கேட்ட கேள்விக்குத் தன்னால் முடிந்த பதிலைச் சொன்னாள். தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் பற்றி 1983ல் ஸ்மிது கோத்தாரி என்பவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியதை, வேறு பலரும் எழுதியதை, 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்ததை, எம்.சி. மேத்தா என்ற வக்கீல் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ந் தேதி உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னதை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கினாள். அன்று அம்மாளிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனவர் யார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த மாதிரிக் கேள்விகளும் பதில்களும் சேர்ந்துதான் அந்த வழி திறந்தது.

அம்மாள் சற்று நேரம் உள்ளே விளக்கடியில் படித்துக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, பிள்ளைகளைப் பஸ்ஸிலே ஏத்தக்கூடாதுன்னு வந்துச்சே, அது நாங்க சொன்னதாலயா?"

"நீங்கள் சொன்னதாலும்தான், அம்மா."

"நாப்பது வருஷமா ஒருத்தரும் வந்து சொல்லலையே, தாயீ!"

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இக்கட்டுரையை எழுதுகிறேன். கொடுத்ததைத் திருப்பித் தராவிட்டாலும் போகிறது, கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்றாவது சொல்ல வேண்டாமா? அவருடைய வார்த்தை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை போன வழியில் ஒரு கல்லாக இருந்திருக்கிறது. அதை அறியாமலே, தன் பேச்சுக்கு எங்கும் மதிப்பில்லை என்று நினைத்து அவர் நாற்பது வருஷம் வாழ்ந்துவிட்டார். விபத்தைத் தாங்கும் பலத்தைக் கொடுப்பது பற்றி மேடைகளில் பேசுகிறோம். தான் சொன்னால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கையைவிடப் பெரிய பலம் ஒரு சமுதாயத்துக்கு என்ன இருக்க முடியும்? வேலை செய்கிற அறையில் ஐந்தாவது ஆள் வந்து உட்காரும்போது, ‘வேண்டாம்’ என்று சொல்லும் வாய் அந்த நம்பிக்கையிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

அந்த நோட்டுப் புத்தகம் அடுத்த விபத்தைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். உருப்படிக் கூலியும், குத்தகையும், தீபாவளி அவசரமும் நோட்டுப் புத்தகங்களுக்குப் பயப்படுவதில்லை. இன்றும் வெடிச் சத்தம் கேட்டால் அந்த ஊர்ப் பெண்கள் வெளியே வந்து புகையின் திசையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கேட்டவள் திரும்பி வந்து சொன்னாள். அம்மாள் அதில் ஒரு திருத்தம் சொன்னார், அது ஏறிற்று. இவ்வளவுதான் நடந்தது.

புறப்படும்போது அம்மாள் என் பக்கம் திரும்பி, "ஐயா என்ன வேலை பார்க்கீக?" என்று கேட்டார். கதை எழுதுகிறேன் என்றேன். "எங்களைப் பத்தியும் எழுதுவீகளா?" என்றார். எழுதுவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்ல எனக்கு நா எழவில்லை. இப்போது எழுதிவிட்டேன். இது அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நானே அந்தத் திண்ணைக்குப் போக வேண்டும். பேத்தி வாசிக்க, அம்மாள் கேட்பார். எங்கே நிறுத்தி என்ன சொல்வாரோ என்று எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.